பிடி அரிசியும் பெண்பிள்ளையின் படிப்பும்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் நாள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

‘பெண்கள் முன்னேற்றம்’ என்னும் தலைப்பில் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவளுக்கு இந்தத் தலைப்பு புதிதன்று. எத்தனையோ பள்ளி ஆண்டு விழாக்களில் இதே தலைப்பில் பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இன்று அந்தப் பேச்சைப் பேசப் போவதில்லை. ஒரு மண்கலயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதனோடு என் குற்றம் ஒன்றையும் உங்கள் முன் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இந்த ஊர் தனிப்பங்கு ஆவதற்கு முன்பு, கோயில் ஓலைக்கூரையாக இருந்த காலத்தில், ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஒரு சிறு கலயம் இருந்தது. உலை கொதித்ததும் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளி அதில் போட வேண்டும். சனிக்கிழமை மாலை மாதா சபையின் ஆச்சி ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வருவாள். அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எத்தனை படி சேர்ந்தது என்பதற்குத் தன் வீட்டுச் சுவரில் கரிக்கோடு இழுத்து வைப்பாள். உபதேசியார் நோட்டில் எழுதி வைப்பார். மாதக் கடைசியில் சுவரும் நோட்டும் ஒத்துப்போக வேண்டும். ஒரு படி குறைந்தாலும் ஆச்சி உபதேசியாரை விடமாட்டாள்.

1971ஆம் ஆண்டு நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். என் தகப்பனார் பனையேறும் தொழிலாளி. பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அப்பா எப்படியோ மாதந்தோறும் விடுதிக்குப் பணம் கட்டினார். எங்கேயோ கடன் வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் படித்தேன். 1974இல் வேலைக்குச் சேர்ந்தேன்.

வேலை கிடைத்து, திருமணமாகி, தனிக்குடித்தனம் வைத்தபோது என் அடுப்படியில் நான் கலயம் வைக்கவில்லை. மாதச் சம்பளம் வாங்கும் டீச்சர் வீட்டில் பிடி அரிசி எதற்கு என்று எனக்கு ஒரு மிதப்பு. ஒரு சனிக்கிழமை ஆச்சி வந்து, “ஏளா, கலயம் எங்கே?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் வேண்டாம் ஆச்சி. மாசம் அஞ்சு ரூபாய் தந்துவிடுகிறேன்” என்றேன்.

“ரூவா மாசத்துக்கு ஒருக்க நினைப்பு ளா. அரிசி அன்னன்னைக்கு நினைப்பு” என்று சொல்லிவிட்டு, என் ஐந்து ரூபாயை வாங்காமலே போய்விட்டாள்.

அதோடு போகவில்லை. “டீச்சரம்மா வீட்டிலேயே கலயம் இல்லை” என்று அடுத்த வீட்டிலும் எடுத்தார்கள். அதற்கடுத்த வீட்டிலும் எடுத்தார்கள். சில ஆண்டுகளில் பிடி அரிசி நம் ஊரில் இல்லாமற் போயிற்று. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் முதலில் எடுத்தவள் நான்தான்.

பின்னர் 1991இல் என்னை மாதா சபைப் பொருளாளராக்கினார்கள். பழைய தகரப்பெட்டி ஒன்றை என்னிடம் ஒப்படைத்தார்கள். அதில் உபதேசியாரின் நோட்டுகள் இருந்தன. புரட்டிக்கொண்டே வந்தேன். 1971 ஜூலை மாதத்தில் ஒரு வரி: ‘பிள்ளை விடுதிக்கு – ரூ. 35.’ ஆகஸ்டு மாதத்தில் அதே வரி. செப்டம்பரிலும் அதே வரி. 1973 ஏப்ரல் வரை விடுமுறை மாதங்கள் நீங்கலாக எல்லா மாதமும் அந்த வரி இருந்தது. பிள்ளையின் பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை.

கை நடுங்கப் பெட்டியை மூடிவிட்டு, தள்ளாத வயதிலிருந்த உபதேசியாரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். “பேர் போடக்கூடாதுன்னு ஆச்சி உத்தரவு. நாளைக்குப் பிள்ளை வாசிச்சா தலை குனிஞ்சிரும்னு சொன்னா” என்றார். அப்போது ஆச்சி இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான் எந்தக் கலயத்தை அடுப்படியை விட்டு எடுத்தேனோ, அந்தக் கலயத்தின் அரிசியில் படித்தவள் நான். இதை என் கணவருக்குச் சொன்னேன்; வேறு எவருக்கும் சொல்லவில்லை. இன்று இந்த மேடையில்தான் முதல் முறையாகச் சொல்லுகிறேன்.

அன்பார்ந்த சகோதரிகளே! இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதை அன்று. மிசோரம் மலைநாட்டில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910ஆம் ஆண்டு இதே பிடி அரிசியைத் திருச்சபைப் பணிக்காகத் தொடங்கினார்கள். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைப்பது, சபைப் பெண்கள் வந்து சேகரிப்பது, விற்றுப் பணமாக்குவது. நம் முறைதான். நாம் விட்டுவிட்டோம், அவர்கள் விடவில்லை. நூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் அது நடக்கிறது. ஆண்டு வருமானத்தைக் கோடியில் கணக்கிடுகிறார்கள். அவர்கள் நம்மைவிடச் செல்வர்கள் அல்லர். நாள் தவறாமல் எடுத்து வைத்தார்கள் என்பதே வேறுபாடு.

அடுத்து, நம் தமிழ்நாட்டு வேலூரைப் பாருங்கள். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவ வேதனையில் துடித்த தம் மனைவியருக்கு உதவி கேட்டு, ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணிடம் வந்தார்கள். அவரோ மருத்துவம் படித்தவர் அல்லர். அவருடைய தந்தையார்தான் மருத்துவர். ஆண் மருத்துவரை அழைத்துச் செல்ல மூவருமே இசையவில்லை. விடிவதற்குள் மூன்று தாய்மாரும் மாண்டார்கள். அந்த இரவே ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. 1900இல் மருத்துவராகத் திரும்பி வந்தவர், 1918இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியைத் திறந்தார். முதலில் சேர்ந்தவர்கள் 17 மாணவியர்.

இதுவரை பலருக்கும் தெரிந்த வரலாறு. பணம் எப்படி வந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. வேலூர் மருத்துவப் பள்ளி, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி, லக்னோவின் இசபெல்லா தோபர்ன் கல்லூரி, இவற்றோடு சீனத்திலும் சப்பானிலும் இருந்தவை என ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கத் திருச்சபைப் பெண்கள் நிதி திரட்டினார்கள். ராக்பெல்லர் குடும்பத்து அறநிதி பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொல்லி, ஒரு நிபந்தனை போட்டது. பெண்கள் இருபது லட்சம் டாலர் திரட்டிக் காட்ட வேண்டும்; காட்டினால்தான் பத்து லட்சம் வரும். லூசி பீபாடி என்னும் அம்மையார் முன்னின்றார். ஐடா அம்மையாரும் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1923க்குள் தொகை நிறைந்தது. பெருந்தொகைகளும் வந்தன, தன் வீட்டுச் செலவில் ஒரு டாலரை மிச்சம் பிடித்த பெண்களின் காசும் வந்தது. பெரிய கை கொடுக்கும் முன்பு சிறிய கைகள் பல சேர வேண்டும் என்பது அந்த நிபந்தனையின் பொருள். இதை நீங்கள் மறவாதிருக்க வேண்டும். சற்று நேரத்தில் நம் விழாக்குழுவினரிடம் இதை வைத்தே ஒன்று கேட்கப் போகிறேன்.

மூன்றாவதாக, அகமதாபாத். அங்கே காய்கறி விற்போர், தலைச்சுமை தூக்குவோர், பழந்துணி தைப்போர் என உழைத்துப் பிழைக்கும் பெண்களை எலா பட் அம்மையார் ‘சேவா’ என்ற சங்கமாகத் திரட்டியிருந்தார். வட்டிக்காரனிடம் அன்றாடம் அவதிப்பட்ட அப்பெண்கள், 1974இல் நாலாயிரம் பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியை நிறுவினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று அதிகாரிகள் தயங்கினர். அதற்காக அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. முன்னின்ற பெண்கள் இரவோடிரவாகக் கையெழுத்துப் போடப் பழகினார்கள். உறுப்பினரை அடையாளம் காணக் கணக்குப் புத்தகத்தில் நிழற்படம் ஒட்டினார்கள். சுவரில் கரிக்கோடு இழுத்த நம் ஆச்சியை அவர்கள் கண்டதில்லை. கண்டிருந்தால், ‘நம்மைச் சேர்ந்தவள்’ என்றே கூறியிருப்பார்கள்.

இம்மூன்று இடங்களிலும் பணத்தைச் சேர்த்தவர்கள் பெண்கள். அப்பணத்தை என்ன செய்வது என்று கூடியிருந்து பேசியவர்களும் பெண்கள். நம்மிடையே முதற்பாதி இருக்கிறது, பிற்பாதி இல்லை. நான் சொல்ல வந்தது இதுவே. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

பொன்விழாவிற்குத் தலைக்கட்டு வரி 5,000 ரூபாய் என்று தீர்மானித்தார்கள். கணவனை இழந்த பெண்கள் வீட்டிற்கு அரை வரி, 2,500 ரூபாய். இரக்கத்தினால் செய்ததுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வரி தீர்மானிக்கும் கூட்டத்தில் தலைக்கட்டுக்கு ஓர் ஆண் வருகிறார். அரை வரி கொடுக்கும் கைம்பெண்ணுக்கு அங்கே அரை நாற்காலியாவது உண்டா? ஆலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை கேட்கிறோம். அவளைப் புகழ்கிறோம். அந்த இரண்டு காசை எதற்குச் செலவிடலாம் என்று அவளை நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு அப்படி அரை வரி கொடுத்த ஒரு தாயின் மகள் பிளஸ் டூவில் நன்றாகத் தேறினாள். செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. சேர்க்கையன்று கட்டவேண்டிய தொகையில் 18,000 ரூபாய் குறைந்தது. அந்தத் தாய் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரியவந்தபோது ஆவணி பிறந்துவிட்டது. பிள்ளை திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். பனியன் கம்பெனி வேலை இழிவானதன்று; உழைத்துச் சாப்பிடுகிறாள். ஆனால் அவள் கேட்டது அந்த வேலையை அன்று. அதே மாதத்தில்தான் நம் கோயில் வாசல் வளைவுக்கு அடித்தளம் போட்டோம். வளைவு அழகாகத்தான் வந்திருக்கிறது. இன்று காலை அதன் கீழ் நடந்து வந்தபோது எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் தோன்றிற்று.

“அரசாங்கம் உதவுகிறதே, பிறகு நாம் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் அந்தப் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகு வருவது. சேரும் நாளன்று வாசலில் கட்டவேண்டியதை யார் கொடுப்பது? இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

“மகளிர் குழுக்கள் இருக்கின்றனவே” என்றும் கேட்கலாம். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய சுய உதவிக் குழுக்களால் நம் பெண்கள் வங்கி வாசலை மிதித்தார்கள், மறுக்க முடியாது. ஆயினும் குழு தருவது கடன். ஆடு வாங்கவோ கடை வைக்கவோ கடன் பொருந்தும். அடுத்த மாதமே வருமானம் வரும். பதினேழு வயதுப் பிள்ளையின் படிப்பு நான்காண்டுகள் கழித்துத்தான் பலன் தரும். அதற்குத் தவணைக் கடன் பொருந்தாது. அதைக் கொடையாகத்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே பிடி அரிசியை மீண்டும் தொடங்குவோம் என்று உங்கள் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வெறும் உணர்ச்சியில் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கைப்பிடி அரிசியை நிறுத்தேன். 40 கிராம் இருந்தது. நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதம் 1 கிலோ 200 கிராம். நம் பங்கில் 150 வீடுகள் சேர்ந்தால் மாதம் 180 கிலோ. ஆண்டுக்கு 2,160 கிலோ. கிலோ 45 ரூபாய் என்று வைத்தால் 97,200 ரூபாய். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ரேஷன் அரிசியை விற்பது குற்றம். ஆகையால் ரேஷன் அரிசி சமைக்கும் வீட்டில் கலயத்தில் நாளுக்கு இரண்டு ரூபாய் போட்டால் போதும். முடியாத நாளில் ஒரு ரூபாய். அதுவும் இல்லாத நாளில் ஒன்றும் வேண்டாம். கலயம் மட்டும் இருந்த இடத்திலே இருக்கட்டும்.

நடத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இந்த நிதியைப் பெண்களே வைத்து நடத்த வேண்டும். வங்கிக் கணக்கில் இரண்டு பெண்கள் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். கைம்பெண்ணும் கணவனோடு வாழ்பவளும் இதில் ஒன்றுதான். இங்கே அரைத் தலைக்கட்டு கிடையாது. கலயம் வைத்தவள் எவளோ, அவளுக்கு ஒரு முழு வாக்கு.

இரண்டாவது, மாதத்தின் முதல் ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் வரவு செலவை வாசிக்க வேண்டும். வரவை வீடு வாரியாக வாசிக்கக் கூடாது. ஒரு பிடி போட்டவளுக்கும் இரண்டு பிடி போட்டவளுக்கும் ஏற்றத்தாழ்வு வந்துவிடும். செலவைக் காசு வாரியாக வாசிக்கலாம். பெற்ற பிள்ளையின் பெயரை மட்டும் வாசிக்கக் கூடாது. மேடையில் நிறுத்தி, மாலை போட்டு, படம் எடுத்துக் கொடுக்கும் உதவி வேண்டாம். ஆச்சியின் உத்தரவு அப்படியே நிற்கட்டும்.

மூன்றாவது, உதவி கேட்டு யாரும் வரும்வரை காத்திருக்கக் கூடாது. மே மாதத்தில் தேர்வு முடிவு வந்ததும் இரண்டு தாய்மார் வீடு வீடாகச் சென்று பார்த்து வரவேண்டும். ஆவணியில் கொடுக்கும் பணம் ஆனியில் போன பிள்ளைக்கு உதவாது.

நான்காவது, நம் தெருக்களில் உள்ள எந்தப் பிள்ளையும் இதில் உரிமை பெறலாம். நம் கோயிலுக்கு வருகிறாளா என்று கேட்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, பெற்ற பிள்ளை பணத்தைத் திருப்பித் தரவேண்டாம். சம்பாதிக்கத் தொடங்கியதும், எந்த ஊரில் குடியிருந்தாலும், தன் அடுப்படியில் ஒரு கலயம் வைக்கட்டும். நான் செய்யத் தவறியதை அவள் செய்யட்டும்.

இனி விழாக்குழுப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். வேலூருக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் இரண்டு பங்கு திரட்டினால் நான் ஒரு பங்கு தருகிறேன் என்றார்கள் அன்று. நம் பொன்விழாக் கணக்கில் செலவு போக மீதி இருக்கும் என்று பங்குத்தந்தை அவர்கள் கூறியிருக்கிறார்கள். இப்பெண்கள் ஓராண்டில் கொண்டுவரும் ஒவ்வோர் இரண்டு ரூபாய்க்கும் நீங்கள் ஒரு ரூபாய் போடுவீர்களா? நாங்கள் 97,200 கொண்டுவந்தால் உங்கள் பங்கு 48,600. இரண்டும் சேர்ந்து 1,45,800 ரூபாய். சென்ற ஆண்டு குறைந்தது 18,000 என்றேன். அப்படிப்பட்ட எட்டுப் பிள்ளைகளுக்கு இது போதும். நாங்கள் கொண்டுவராவிட்டால் நீங்கள் ஒரு காசும் தரவேண்டாம்.

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதன்று. சப்பரம் தூக்க அழைத்தால் வராத இளைஞன் நம் பங்கில் இல்லை. அசனத்துக்கு அரிசி தராத வீடும் இல்லை. அந்த ஒற்றுமையைத் திருவிழா முடிந்தபின் அடுப்படிக்குக் கொண்டுவர வேண்டும், கேட்பது அவ்வளவே.

மேடைக்கு வரும்போது என் கையில் ஒரு துணிப்பை இருந்ததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு கலயம் இருக்கிறது. நேற்று சந்தையில் 60 ரூபாய்க்கு வாங்கினேன். இன்று இரவு என் அடுப்படியில் அதை வைத்துவிடுவேன். ஐம்பது ஆண்டு தாமதமாக வைக்கிறேன். வரும் சனிக்கிழமை மாலை ஓலைப்பெட்டியோடு உங்கள் வீட்டுக்கும் வருவேன். என்னைப் போல் ஐந்து ரூபாய் தந்து அனுப்பிவிடாதீர்கள்.